வேலாயி போட்ட கட்டு

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்த எஸ்தர் அக்கா. அப்போது என் மூத்தவள் கைக்குழந்தை. தடுப்பூசி போட்டு, வீறிட்டு அழுது, ஒருவழியாக மடியில் தூங்கிப்போயிருந்தாள். வெளியே நல்ல மழை. மழை விடும்வரை அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன மாதிரியே சொல்லப் பார்க்கிறேன்.

கூத்தன்மலை என்று ஒரு மலை. உச்சியில் ஒரு மடம். அங்கே பூரணத்தம்மை என்று ஒரு துறவி இருந்தார். சாமி கும்பிடுவதும் நோயாளியைப் பார்ப்பதும் அவருக்கு ஒரே வேலைதான். அவர் கை பட்டால் போதும் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் மலை ஏறி வருவார்கள்.

ஒரு நாள் பிரசவ வலியில் துடித்த பெண் ஒருத்தியைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். முன்னால் பெருங்கூட்டம். பல்வலிக்காரர், சிரங்குக்காரர், காலையிலிருந்து விக்கல் நிற்கவில்லை என்று ஒருவர். தூளியை உள்ளே கொண்டுபோக வழியில்லை. குழந்தை மடத்து வாசலிலேயே பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது ஆண்டவன் புண்ணியம்.

அம்மையின் தலைச்சீடன் நல்லகண்ணுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தாடி நரைத்துக்கொண்டிருந்த வயது அவனுக்கு. மறுநாள் அம்மையிடம் போனான்.

"அம்மா, கீழே இரண்டு வீடு வைப்போம். அடிவாரத்தில் ஒன்று. காய்ச்சல், இருமல், வெட்டுக்காயம் எல்லாம் அங்கே. பாதி மலையில் ஒன்று. பிரசவம், எலும்பு முறிவு அங்கே. அங்கேயும் முடியாததுதான் மேலே உங்களிடம் வரணும்."

"வை," என்றார் அம்மை.

கட்டினான். சுண்ணாம்பு அடித்தான். அம்மையிடம் வைத்தியம் படித்த வேலாயியை அடிவாரத்திலும், இராக்கம்மாவைப் பாதி மலையிலும் உட்கார வைத்தான். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.

மறுநாள் காலையில் ஜனங்கள் வந்தார்கள். வேலாயி வீட்டில் மோர் வாங்கிக் குடித்தார்கள்.

"என்ன உடம்புக்கு?" என்று கேட்டாள் வேலாயி.

"இருமல் தாயி. அம்மா மேலே இருக்காங்கள்ல?"

"இருக்காங்க. இருமலை நானே பார்ப்பேனே."

"பாரு பாரு. வரும்போது பாரு. இன்னும் கொஞ்சம் மோர் ஊத்து."

பாதி மலை வீட்டு நிழலில் ஒரு தூக்கம் போட்டார்கள். எழுந்து, மீதி மலையும் ஏறினார்கள். இருமலோடு கிளம்பியவர்கள் இருமலும் கால்வலியுமாக மேலே போய்ச் சேர்ந்தார்கள்.

நல்லகண்ணு அடிவாரத்தில் மூங்கில் தட்டி வைத்து வழியை அடைத்தான். ஜனங்கள் ஆடு ஏறும் தடத்தில் ஏறினார்கள். இப்போது இருமலும் கால்வலியும் போதாதென்று காலில் முள்ளும் ஏறியிருந்தது. தட்டியை அவனே பிடுங்கிப் போட்டான்.

வேலாயி துணிமூட்டையைக் கட்டி வைத்துவிட்டாள்.

"அண்ணே, மோர் ஊத்தறதுக்கு என் வீட்டு வாசலே போதும். வர்ற அமாவாசையோட நான் ஊருக்குப் போறேன்."

"கொஞ்சம் பொறு, வேலாயி."

"யாருக்குண்ணே பொறுக்கணும்? ஒரு கொசுகூட என்கிட்ட வந்து உட்கார மாட்டேங்குது."

அவள் போய்விட்டால் அடிவாரத்து வீடு பூட்டிக்கிடக்கும். அது பூட்டினால் பாதி மலை வீடும் பூட்டும். இன்னொரு தூளி வரும். இன்னொரு முறை வழி இருக்காது. நல்லகண்ணு மூச்சு வாங்க மேலே ஏறினான். அம்மை தூதுவளை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, இந்த ஜனங்களுக்கு எப்படித்தான் புரிய வைக்கிறது?"

"முதலில் அவரைப் பார்," என்றார் அம்மை.

வாசலில் ஒரு விவசாயி நின்றார். கையில் அரிவாள் பட்டிருந்தது. ரத்தம் கொட்டுவதைப் பார்த்து வேலாயி வழியில் மறித்துக் கட்டுப் போட்டு அனுப்பியிருந்தாள். ஆனாலும் மேலே ஒரு தரம் காட்டிவிடலாம் என்று ஏறி வந்திருக்கிறார். நல்லகண்ணு அவரை உட்காரவைத்துக் கட்டை அவிழ்த்தான். காயத்தைக் கழுவினான். தழையை அரைத்து வைத்தான். புதுத் துணியால் கட்டினான்.

"அவங்களும் இதே தழைதானே வச்சாங்க?" என்றார் அவர்.

"ஆமா."

"அப்போ எதுக்குச் சாமி அவுத்தீங்க?"

"ஒரு பார்வைக்குத்தான்."

அவர் வெளியே போனார். வரிசையில் நின்றவர்களிடம் அவர் சொன்னது உள்ளே கேட்டது.

"கீழே போடற கட்டு சும்மா பேருக்குத்தான் போலிருக்கு. மேலே அவுத்துட்டுத்தான் வேற போடறாங்க."

அம்மை கீரைச் சுளகைத் தள்ளி வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"எனக்கு இரண்டு நாளாக இருமல். வா, போகலாம்."

"எங்கேம்மா?"

"வைத்தியம் பார்க்க."

அம்மை இறங்கினார். வரிசை முழுக்கக் கலைந்து பின்னாலேயே இறங்கியது. பாதி மலையில் இராக்கம்மா பதறி ஓடி வந்தாள்.

"என்னம்மா, என்ன உடம்புக்கு?"

"இருமல். இருமலுக்கு உன்கிட்ட வரக்கூடாதாமே. சட்டம் போட்டவன் பின்னால் வருகிறான், கேட்டுக்கோ."

ஜனங்கள் சிரித்தார்கள். நல்லகண்ணும் சிரிக்கப்போய், கல்லில் இடித்துக்கொண்டான். கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது.

அடிவாரத்தில் வேலாயி மூட்டையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். அம்மையைக் கண்டதும் மூட்டை கீழே விழுந்தது. அம்மை பலகையில் உட்கார்ந்தார்.

"இருமுது. பாரு."

"அம்மா, உங்களுக்கு நானா?"

"இங்கே வேற யார் இருக்கா?"

வேலாயி நாடி பிடித்தாள்.

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினார்.

"ராத்திரி தயிர் சாப்பிட்டீங்களா?"

அம்மை மரத்துக் கிளிகளை வேடிக்கை பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"கொஞ்சம்," என்றார் அம்மை.

"ஊருக்கெல்லாம் வேண்டாம்பீங்க, நீங்க மட்டும் சாப்பிடுவீங்க. இருமல் நிக்கிற வரைக்கும் தயிரைத் தொடக்கூடாது. பேச்சையும் குறைக்கணும்."

கூட்டம் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த கிளிகள் பறந்தன. அம்மை கைகட்டிக் கேட்டுக்கொண்டார். சுக்குக் கஷாயத்தை முகம் சுளிக்காமல் குடித்தார்.

அவர் எழுந்ததும் பலகையில் ஒரு இருமல்காரர் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒருவர். அவருக்குப் பின்னால் இன்னொருவர். மோர் கேட்க ஆள் இல்லை.

நல்லகண்ணு நொண்டிக்கொண்டே வந்து அம்மையின் முன்னால் காலை நீட்டினான்.

"அம்மா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

அம்மை அவன் விரலைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார்.

"வரிசை அங்கே இருக்கு," என்றார்.

நல்லகண்ணு போய்க் கடைசியில் நின்றான். அவன் முறை வந்தது. வேலாயி மஞ்சளும் தழையும் வைத்துக் கட்டினாள்.

"அண்ணே, மூட்டையை உள்ளே வச்சிட்டேன்," என்றாள், கட்டை இறுக்கிக்கொண்டே.

அம்மையும் நல்லகண்ணும் திரும்ப ஏறினார்கள். பின்னாலிருந்து "வழி, வழி" என்று ஒரு குரல். ஒதுங்கி நின்றார்கள். ஒரு தூளி அவர்களைத் தாண்டிப் போனது. ஒதுங்க வேண்டியவர்கள் அந்தப் பாதையிலேயே அவர்கள் இரண்டு பேர்தான். பாதி மலை வீட்டை அவர்கள் நெருங்கும்போது உள்ளே ஒரு குழந்தை ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"பொண்ணு," என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள் இராக்கம்மா. அம்மை கண்ணை மூடிக் கும்பிட்டார்.

நல்லகண்ணுக்கு மனசு நிறைந்திருந்தது. ஆனாலும் ஒரு கவலை.

"இன்றைக்குச் சரி அம்மா. நாளைக்கும் ஜனங்கள் கீழேயே காட்டுவார்களா? தினமும் நீங்கள் இருமிக்கொண்டிருக்க முடியாதே."

வேலாயி பேச்சைக் குறைக்கச் சொல்லியிருந்தாள். அம்மை வாய் திறக்கவில்லை.

மடம் வந்தது. வாசலில் வெளியூர்க்காரர்கள் சிலர் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். நல்லகண்ணு அவர்கள் எதிரிலேயே படியில் உட்கார்ந்தான். காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று கட்டின் முடிச்சில் கை வைத்தான்.

"நல்லகண்ணு," என்றார் அம்மை.

அவன் நிமிர்ந்தான்.

"அதை வேலாயி அவிழ்ப்பாள். நாளைக்குக் கீழே போய்க் காட்டு."

நல்லகண்ணு முடிச்சிலிருந்து கையை எடுத்தான்.

இவ்வளவுதான் கதை. எஸ்தர் அக்கா இப்போது ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். அவர் இருந்த இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், என் கடைசி மகள் வயசுதான் இருக்கும். நீங்கள் அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் உள்ளே எட்டிப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.