பீப்பாய்க்குச் சாட்சி கேட்ட மேனேஜர்

ஓசூர்ப் பக்கம் ஒரு விஸ்கி ஆலை. அங்கே வருஷக்கணக்காக ஒரே பீப்பாயில் கிடந்த விஸ்கியை, கடைசி ஆறு மாதம் மட்டும், ருசி ஏறட்டும் என்று, முன்பு ஒயின் இருந்த பீப்பாய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பீப்பாய்களைத் தட்டிக்கொட்டிப் பழுது பார்ப்பவன் எல்லப்பன்.

புது மேனேஜர் வித்யாசாகருக்குத் தன் நாக்கின் மேல் அபார நம்பிக்கை.

"வெறும் மரம் என்னய்யா ருசி கொடுக்கும்? எல்லாம் என் கைப்பக்குவம். இல்ல, பீப்பாய்தான் கொடுக்குதுன்னா, ஒரு சொட்டு விஸ்கியைக்கூடத் தொடாம நிரூபிச்சுக் காட்டு. வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டலேன்னா ஒயின் பீப்பாயெல்லாம் பூந்தொட்டி ஆயிடும். நீயும் வீட்டுக்குப் போயிடலாம்."

"சரிங்க சார்" என்று எல்லப்பன் தலையைச் சொறிந்துகொண்டே போனான்.

வெள்ளிக்கிழமை, ஆலையே கூடி நிற்க, ஒரு கண்ணாடி டம்ளரை நீட்டினான். வித்யாசாகர் மோந்தார், உறிஞ்சினார், கண்ணை மூடிக்கொண்டார்.

"உலர்ந்த திராட்சை... லேசாப் பட்டை வாசம்..." சட்டென்று முகம் சிவந்தது. "அடப்பாவி, இது நம்ம விஸ்கிடா! தொடாதேன்னு சொல்லியும் திருடியிருக்கே. போதாக்குறைக்குத் தண்ணி வேற கலந்திருக்கே. எவ்வளவு கலந்தே, சொல்லு!"

"முழுக்கத் தண்ணிதாங்க சார்" என்றான் எல்லப்பன். "காலி ஒயின் பீப்பாய் காஞ்சு ஒழுகக் கூடாதுன்னு கிணத்துத் தண்ணி ரொப்பி வைப்போம். நாலு நாள் அதுல கிடந்த தண்ணிங்க."

வித்யாசாகர் மிச்சத்தையும் குடித்துவிட்டு, "பூச்செடிக்கு மண் தொட்டியே வாங்கிக்கலாம்" என்றார்.