மூழ்கியவர் கட்டிய பாலம்

அந்தக் கலைக்களஞ்சிய அலுவலகத்தில் சீடரைவிடக் குருவுக்கு இருபது வயது குறைவு. குரு, தலைமைப் பதிப்பாசிரியர் நப்பின்னை. சீடர், ரயில்வேயில் ஓய்வு பெற்றபின் மெய்ப்புப் பார்க்கக் கற்றுக்கொள்ள வந்த அரியநாயகம். "இங்க வந்த பிறகுதான் மறுபடி மனுஷனானேன்" என்று டீ கொண்டுவருபவரிடம்கூடச் சொல்வார்.

ஒருநாள் டைட்டஸ் வெல்கினியஸ் என்ற ரோமானியத் தளபதியின் வாழ்க்கைக் குறிப்பு அவர் மேசைக்கு வந்தது. மாலையில் அச்சுக்குப் போக வேண்டிய பக்கம்.

முதல் பத்தியில், கி.மு. 41இல் தளபதி கப்பலோடு கடலில் மூழ்கி இறந்தார். மூன்றாம் பத்தியில், கி.மு. 34இல் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டினார்.

அரியநாயகம் முதலில் தன்னைத்தான் சந்தேகித்தார். கி.மு.வில் எண் இறங்க இறங்கக் காலம் முன்னோக்கிப் போகும். அதில் அவர் பலமுறை சறுக்கியிருக்கிறார். விரல் விட்டு எண்ணினார். சந்தேகமே இல்லை, செத்தவர்தான் பாலம் கட்டியிருக்கிறார்.

எழுதியவர் பெயரைப் பார்த்தார். நப்பின்னை. சொன்னால், நாளை முதல் வர வேண்டாம் என்பாரோ? சொல்லாவிட்டால் ஊர் குருவைப் பார்த்துச் சிரிக்குமே? சத்தமில்லாமல் பாலம் கட்டிய வரியின் மேல் ஒரு கோடு போட்டார். மனசு கேட்கவில்லை. பக்கத்தை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார்.

"அம்மா, நமக்குச் சொல்லிக் கொடுத்தவங்க எழுதினதுல தப்பு இருந்தா என்ன பண்றது?"

"காட்டுங்க."

நப்பின்னை படித்தார். முகம் சிவந்தது. அலமாரியிலிருந்து பழைய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். அரியநாயகம், தன் வேலை போய்விட்டது என்றே முடிவுகட்டினார்.

"உங்க பேரன் பேரு என்னங்க ஐயா?"

"அரியநாயகம். என் பேருதான்."

"உங்க மகனுக்கே வெச்சிருக்கலாமே?"

பயத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பன் பேரைப் பிள்ளைக்கு யாரும்மா வைப்பாங்க?"

"ரோம்ல வைப்பாங்க. மூத்த பிள்ளைக்கு அப்பா பேருதான். இந்தப் புத்தகத்துல ரெண்டு பேரும் இருக்காங்க."

அரியநாயகம் பக்கத்தைப் பார்த்தார். மூழ்கியவர் அப்பா. பாலம் கட்டியவர் மகன். தான் போட்ட கோடு மகன் மேல் கிடந்தது.

"ஐயோ, அந்தப் பிள்ளையை இல்லாமலே பண்ணப் பாத்தேனே!"

"நான் ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கி, அவனை அப்பாவோடயே கடல்ல மூழ்கடிச்சிருந்தேன். நம்ம வீட்டு வழக்கத்துலயே இருந்து பழகினதால எனக்கும் தோணலை."

அச்சகத்துக்குப் போன் செய்து, அந்தப் பக்கத்தை நிறுத்தச் சொன்னார். பிறகு மகனுக்குத் தனித் தலைப்புப் போட்டார். அதே பெயர், இளையவர் என்ற சொல் மட்டும் கூடுதல்.

"அம்மா, என் மேல கோபமில்லையே?"

நப்பின்னை எழுந்து போய் டீ மேசையிலிருந்த சர்க்கரை டப்பாவைத் திறந்தார். அரியநாயகத்தின் உள்ளங்கையில் ஒரு கரண்டி கொட்டினார். குருவின் கண் கலங்கியிருந்தது.

"எதுக்கும்மா இது?"

"பிள்ளை பொறந்திருக்கு. பிரசவம் பார்த்தவருக்குத்தான் முதல் சர்க்கரை. வாயில போடுங்க, ஐயா."