மதிலுக்கு எதிர்க்கடை

வெள்ளப்பாறையில் நெடுமதில் ஒன்று எழும்பி, அதற்குள் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வந்தது. உள்ளே செய்வது பீரங்கியா ராக்கெட்டா என்று ஊருக்கு ஒரே குறுகுறுப்பு. யார் கேட்டாலும் மேலாளர் தயானந்தன், "ராணுவ ரகசியம்!" என்று வாயை அடைத்துவிடுவார்.

வேலையாட்கள் நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். மதியச் சோறும் அங்கிருந்தே வேனில் வந்தது. டீயைக்கூட உள்ளேயே ஒரு மெஷின் ஊற்றியது. கேட்டுக்கு எதிரே டீக்கடை போட்ட பாவாயி ஈ ஓட்டினாள்.

ஒருநாள் மேலாளரே அவள் கடைக்கு வந்தார்.

"நாளைக்குச் சென்னையிலிருந்து ஆய்வுக்குழு வருது. எங்களால ஊர் எப்படிச் செழிச்சிருக்குன்னு நீதான் சொல்லணும். ஆனா ரகசியம் எதுவும் வெளியே வரக்கூடாது. வந்துச்சு, கடை இருக்காது!"

"ஆகட்டுங்க சார்," என்றாள் பாவாயி.

மறுநாள் குழுத் தலைவர் அவள் கொடுத்த டீயை உறிஞ்சியபடி கேட்டார்.

"ஏம்மா, இந்தத் தொழிற்சாலையால உங்க ஊருக்கு என்ன கிடைச்சுது?"

மேலாளர் கண்ணால் ஜாடை காட்டினார். பாவாயி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அது ராணுவ ரகசியமுங்க. எங்களுக்கே இன்னும் தெரியாதுங்க!"