ஆறு உயர அதிகாரி

உங்கள் உயரத்தைக் கேட்டால் எப்படிச் சொல்வீர்கள்? எங்கள் ஊர் தியேட்டரில் ஒருவர் சொல்லி மாட்டிக்கொண்டார், கேளுங்கள்!

தீபாவளிப் படம். வாசலில் ஊரே நெருக்கியடித்து நிற்கிறது. படக் கம்பெனி அதிகாரி தணிகாசலம் திரைக்கு நேரே வெளிச்சம் அளக்கும் கருவியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வாசலுக்கு வந்து கத்தினார்.

"திரை வெளிச்சம் நாப்பத்தெட்டு இருக்கணும். இங்க பதினாலுதான்! படம் கிடையாது!"

தியேட்டர் முதலாளிக்கு முகம் செத்துப்போனது. டிக்கெட் கிழிக்கும் பொற்கொடி கருவியை எட்டிப் பார்த்தாள்.

"சார், உங்க உயரம் எவ்வளவு?"

"ஆறு!" நெஞ்சை நிமிர்த்தினார்.

"அச்சச்சோ! நூத்துக்குக் கீழன்னா குழந்தைக் கணக்கு, டிக்கெட் இல்லாம அம்மா மடியிலதான் உக்காரணும். வாசல்ல கோடே போட்டிருக்கோம். அம்மா வந்திருக்காங்களா?"

கூட்டம் குபீரென்று சிரித்தது.

"ஏம்மா, நான் சொன்னது அடி! உங்க கோடு சென்டிமீட்டர்!"

"அதேதான் சார்! உங்க கருவி காட்டுறது அடிக் கணக்கு, ஃபுட்-லாம்பர்ட். நீங்க கேக்குறது மீட்டர் கணக்கு, நிட். ஒரு ஃபுட்-லாம்பர்ட்டுக்கு மூணரை நிட்டுக்குக் கொஞ்சம் கம்மின்னு எங்க ஆபரேட்டர் அண்ணன் சொல்வார். பெருக்கித்தான் பாருங்களேன்!"

அதிகாரி பதினாலை மூன்றரையால் போனில் பெருக்கினார். நாற்பத்தொன்பதுக்குக் கொஞ்சம் கம்மி, நாற்பத்தெட்டு!

விசில் பறந்தது, படம் ஓடியது. அதிகாரியும் முன்வரிசையில் உட்கார்ந்தார். பொற்கொடி ஓடிவந்தாள்.

"சார், கொஞ்சம் குனிஞ்சுக்குங்க. பின்னாடி நூத்துக்குக் கீழ இருக்கறவங்களுக்கு மறைக்குது!"