நீல அலை விவாதம்

இந்தக் கதையில் வரும் மூவருமே பாராட்டுக்கு உரியவர்கள். சிக்கலே அதுதான்.

கடலோர ஊர் ஒன்றில் சில நாட்களாக இரவு அலைகள் நீலமாக மின்னின. ஊர்ச் செய்திகளை முகநூலில் காணொளியாகப் போடும் மெஹருன்னிசா, போன மாதம் சாயப்பட்டறை திறந்தார்கள், இந்த மாதம் கடல் மின்னுகிறது, ஆகவே கடலில் கலந்த சாயக் கழிவுதான் மின்னுகிறது என்று பேசி வெளியிட்டாள். ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். மறுநாளே அந்த ஊர் மீனை வாங்க ஆளில்லை.

ஓய்வுபெற்ற கடலுயிரியல் பேராசிரியர் அறவாழி, அது நுண்ணுயிர்களின் ஒளி என்று எழுதினார். இத்தனை ஆண்டு பாடம் நடத்திய நான் சொல்கிறேன், நம்புங்கள் என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் சான்று எதையும் காட்டவில்லை. அவர் பக்கம் நின்றவர்கள் மெஹரின் படிப்பைக் கேலி செய்தார்கள். மெஹரின் ஆட்களோ, பேராசிரியர் பட்டறை முதலாளிக்கு உறவு என்று கிளப்பிவிட்டார்கள். கடலைப் பற்றிய பேச்சே நின்றுபோனது.

அறவாழியின் பழைய மாணவி ஜெர்லின், கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். அவள் அண்ணன் பிடித்த மீன் விற்காமல் கிடந்தது. மெஹர்மேல் கோபப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. இருந்தும் முதலில் தன் பக்கத்தாரைத்தான் கண்டித்தாள். மெஹர் என்ன படித்தார் என்பதற்கும் கடல் மின்னுவதற்கும் தொடர்பில்லை. ஐயாவின் அனுபவமும் சான்றாகாது. ஒன்றுக்குப் பின் மற்றொன்று நடந்ததாலேயே முதலாவது காரணமாகிவிடாது என்று எழுதி, மெஹரை ஆய்வகத்துக்கு அழைத்தாள். துரோகி என்று திட்டிவிட்டு நண்பர்கள் பலர் விலகினார்கள்.

மெஹர் வந்தாள். கடல்நீரை நுண்ணிய வடிதாளில் வடிகட்டலாம் என்றாள் ஜெர்லின். கரைந்த சாயமென்றால் நீரோடு இறங்கிவிடும். உயிரென்றால் தாளிலேயே தங்கிவிடும். மெஹர் கைப்பேசியில் நேரலையைத் தொடங்கினாள்.

"வடிச்ச தண்ணி மின்னுச்சுன்னா நான் சொன்னது சரி. மின்னலைன்னா தப்பு. இப்பவே சொல்லிடுறேன், அப்புறம் மாத்திப் பேசமாட்டேன்."

"யோசிச்சுச் சொல்லுங்கக்கா. நிறையப் பேர் பாக்குறாங்க," என்றாள் ஜெர்லின்.

"பாக்கட்டும். அவங்கள நம்பவச்சது நான்தானே."

அறையை இருட்டாக்கி, வடித்த நீரைக் குலுக்கினார்கள். மின்னவில்லை. தாளில் தங்கியதைக் கடல்நீரில் அலசிக் குலுக்கியதும் நீலம் பரவியது. மெஹர் நேரலையை நிறுத்தாமல், தவறு தன்னுடையதே என்று சொல்லி முடித்தாள். அந்த வாரமே சந்தைக்கு ஆட்கள் திரும்பினார்கள்.

ஊர் அறிவியல் மன்றம் ஒருவரை மேடையேற்ற விரும்பியது. உண்மையை முதலில் சொன்ன அறவாழியா, தன் பக்கத்துத் தவறைத் தட்டிக்கேட்ட ஜெர்லினா, பலர் முன் தோல்வியை ஏற்ற மெஹரா? நீங்களாக இருந்தால் யாரை அழைப்பீர்கள்?

விடை: மெஹரை. குழப்பத்தைத் தொடங்கியதே அவள்தானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அறவாழி நம்பச் சொன்னாரே தவிர, சரிபார்க்க வழி சொல்லவில்லை. ஜெர்லின் நண்பர்களை இழந்தாள். என்றாலும் சோதனை எப்படி முடியும் என்று அவளுக்கு ஓரளவு தெரியும். எது நடந்தால் தான் சொன்னது தவறு என்பதை, முடிவு தெரியும் முன்பே ஊரறியச் சொன்னவள் மெஹர் ஒருத்திதான். மன்றத்தார் ஜெர்லினிடம் கேட்டபோது அவள் சொன்ன பெயரும் அதுவே.