மடுவை அடகு வைத்த தவளைத் தலைவன்

ஆவாரங்காட்டுக் குட்டையில் தவளைகள் வாழ்ந்து வந்தன. சின்னக் குட்டைதான். கோடை வந்தால் வற்றிவிடும். அதற்காக ஒரு தவளையாவது அழுததுண்டா? கிடையாது! பின்னங்கால்களால் ஈரமண்ணைத் தோண்டும், உள்ளே புதைந்துகொள்ளும், மழை வரும்வரை நிம்மதியாகத் தூங்கும். மழை விழுந்ததும் தலைவன் முதல் குரல் கொடுப்பான். பிறகு காடே அதிரும்படி எல்லாத் தவளைகளும் சேர்ந்து கத்தும்.

தலைவன் பெயர் தொண்டைமுத்து. குரல் பெரிது; ரோஷம் அதைவிடப் பெரிது.

ஒருநாள் அவன் பக்கத்துப் பெரிய ஏரிக்குப் போனான். அங்கிருந்த தவளைகள் அவனைப் பார்த்து இளித்தன.

"கோடையில மண்ணுக்குள்ள போய்ப் பதுங்குற கூட்டம்தானே நீங்க? ஐயோ பாவம்!"

தொண்டைமுத்துவின் முகம் சுண்டிப்போயிற்று. வழியெல்லாம் அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது. "இனிமேல் என் சனம் மண்ணில் படுக்கக் கூடாது!" என்று முடிவு கட்டினான். இத்தனை காலம் உயிரைக் காப்பாற்றிய மண், அன்றைக்குத்தான் அவனுக்குக் கேவலமாகத் தெரிந்தது!

அந்த நேரம் பார்த்துக் கடல் தாண்டி வந்த கூழைக்கடாக்கள் குட்டைக்கரையில் இறங்கின. பெரிய பறவைகள். அலகுக்குக் கீழே தொங்கும் பையில் ஒரு குடம் தண்ணீர் பிடிக்கும்.

"தலைவரே, தண்ணீர்தானே உங்கள் கவலை? ஏரியில் அள்ளிவந்து கொட்டுகிறோம். மழைக்காலத்தில் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தாருங்கள், போதும்!" என்றது மூத்த கூழைக்கடா.

"தர முடியாமல் போனால்?"

"உங்களுக்கா முடியாமல் போகும்! சும்மா ஒரு பேச்சுக்கு, அந்த மடுவை ஈடாக வைத்துக்கொள்வோம்."

மடு என்பது குட்டையின் நடுவே இருந்த ஆழமான பள்ளம். தவளைகள் முட்டையிடுவது அங்கேதான். குஞ்சுகளுக்குக் கால் முளைக்கும்வரை அங்கே தண்ணீர் நிற்கும்.

தொண்டைமுத்துவின் மனைவி பொன்னி பதறிப்போனாள்.

"ஏங்க, மண்ணுக்குள்ள தூங்குறதுல நமக்கு என்ன குறைஞ்சு போச்சு? மடு நம்ம பிள்ளைங்க பிறக்குற இடங்க! அதைப் போயா ஈடு வைப்பாங்க?"

"நீ சும்மா இரு! ஊரே சிரிக்கிறது உன் காதுல விழுதா?"

அவ்வளவுதான். ஈரமண்ணில் காலை அழுத்திப் பதித்து ஒப்பந்தத்தை முடித்துவிட்டான்.

அந்தக் கோடையில் குட்டை தளும்பியது! தாமரை பூத்தது. ஏரித் தவளைகளை விருந்துக்குக் கூப்பிட்டு, பெரிய இலைமேல் உட்கார்ந்து கழுத்தை நிமிர்த்திக்கொண்டான் தொண்டைமுத்து. ஆனால் மழைக்காலத்தில் கூழைக்கடாக்கள் வந்து மளமளவென்று அள்ளின. மழை பெய்தும் குட்டை பாதியாயிற்று. கோடைக்கு முன்பே அது வற்ற, மறுபடி கடன். பழைய கடனைத் தீர்க்கப் புதிய கடன். மண்ணுக்குள் தூங்கும் பழக்கமே விட்டுப்போயிற்று.

பிறகு ஒரு வருஷம் மழை பொய்த்தது. கூழைக்கடாக்கள் வந்து நின்றன.

"எங்கே எங்கள் தண்ணீர்?"

"ஐயா, அடுத்த மழைக்கு..."

"அடுத்த மழையா? மடுவை விட்டு எல்லாரும் வெளியே போங்கள்!"

தலைவரே என்று அழைத்த வாய்தான்! அவை மடுவில் மட்டும் ஏரித் தண்ணீரைக் கொட்டி, தங்களுக்கு மீன்குஞ்சுகளை விட்டுக்கொண்டன. மிச்சக் குட்டை காய்ந்தது. பெரிய தவளைகள் அவசர அவசரமாக மண்ணைத் தோண்டின. குட்டிகளோ முன்னங்கால்களால் பிறாண்டிக்கொண்டு நின்றன.

"அப்பா, எப்படித் தோண்டணும்?" என்று கேட்டாள் தொண்டைமுத்துவின் மகள்.

அவனுக்குச் சுருக்கென்றது. பெற்ற மகளுக்கு ஒருநாளாவது அதைச் சொல்லிக் கொடுத்தானா? அவளை இழுத்துக்கொண்டு உள்ளே புதைந்தான். எல்லாக் குட்டிகளையும் அப்படி இழுத்துக்கொள்ள முடியவில்லை. சில குட்டிகள் வெயிலிலேயே கிடந்து செத்தன.

ஒருவழியாக மழை வந்தது. தவளைகள் மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வந்தன. எல்லாருடைய கண்ணும் தலைவன்மேல். முதல் குரல் அவனுடையதல்லவா? தொண்டைமுத்து தொண்டையை உப்பினான்.

"ஏய், யாரப்பா அது? மீன்குஞ்சுகள் மிரளும்! கத்துவதாக இருந்தால் எங்களைக் கேட்டுவிட்டுக் கத்து!" என்று மடுவிலிருந்து அதட்டல் வந்தது.

தொண்டை பொசுக்கென்று அடங்கியது. கூசிக் குறுகி மடுவின் ஓரத்துக்குப் போனான். தன் சனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, தலையைக் குனிந்து கேட்டான்.

"ஐயா, வருஷா வருஷம் உள்ள வழக்கம். ஒரே ஒரு தடவை கத்திக்கலாமா?"

"இன்றைக்கு வேண்டாம்" என்றது கூழைக்கடா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவன் வந்த வழியே திரும்பினான். யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. வயிறு நிறைய முட்டையோடு பொன்னி நின்றிருந்தாள்.

"நான் எங்கேங்க முட்டை இடுறது?"

அவள் சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் கேட்டாள். பிறகு, யானை மிதித்த குழியில் தேங்கிய தண்ணீரைத் தேடிப் போனாள். இரண்டு வெயில் அடித்தால் வற்றிவிடும் தண்ணீர் அது. தொண்டைமுத்து அவள் பின்னாலேயே நடந்தான்.

ஏரிப் பக்கமிருந்து தவளைச் சத்தம் ஜோராகக் கேட்டது.

"அப்பா, நாம ஏன் கத்தலை?" என்று கேட்டாள் மகள்.

"கேட்டேம்மா," என்றான் தொண்டைமுத்து. "வேண்டாம்னுட்டாங்க."

ஊர் சிரிக்குமே என்று வெட்கப்பட்டு அயலாரின் கடனில் பகட்டாக வாழும் நாடு, தன் பிள்ளைகளின் இடத்தைப் பறிகொடுத்து, சொந்த மண்ணில் வாய் திறக்கவும் அனுமதி கேட்டு நிற்கும்.