மூன்று தட்டும் ஓர் உறையும்

பழைய இசைத்தட்டுகளைப் பார்த்த மாத்திரத்தில் அவை எப்போது அச்சானவை என்று சொல்லிவிடுவாள் தில்லைநாயகி. அவளுக்கு வயது முப்பத்தெட்டு. பழைய தட்டுகளைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் அவளுடைய மாடியறையில் பாடம் கேட்கும் ஞானதுரை, பணி ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். அவர் அவளை ‘அம்மா’ என்பார். அவள் அவரை ‘சார்’ என்பாள்.

அன்று மதியம் அவள் வெளியே போய்த் திரும்பியபோது ஞானதுரை வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய பெருமை.

“அம்மா, பூஞ்சை எடுக்கச் சொல்லி சபூரா கொடுத்துட்டுப் போன ரெக்கார்டுல ஒரு தப்பு கண்டுபிடிச்சேன்.”

“என்ன தப்பு?”

“உறை மஞ்சள் கரை போட்டது. முதல் பதிப்பு. ஆனா தட்டை வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா, லேபிளைச் சுத்திப் பொறிச்சிருக்கிற எண் ரெண்டாம் பதிப்போடது. யாரோ மாத்திப் போட்டிருக்காங்க. சரி பண்ணிட்டேன்.”

“எப்படி?”

“நம்ம முதல் பதிப்புத் தட்டு ஒண்ணை அந்த உறையில வச்சேன். அவங்க தட்டை நம்ம ரெண்டாம் பதிப்புங்களோட அலமாரியில சேர்த்தேன்.”

தில்லைநாயகி கைப்பையைக் கீழே வைத்தாள்.

“ரெண்டாம் தடவை அச்சடிச்சப்போ பழைய உறை கொஞ்சம் மீந்து கிடந்தது சார். புது உறை வர்ற வரைக்கும் புதுத் தட்டை அதுலதான் போட்டு அனுப்பினாங்க.”

“அப்போ அது...”

“பிறந்ததே அப்படித்தான்.”

ஞானதுரை அலமாரிக்கு ஓடினார். மூன்று தட்டுகள் இருந்தன. மூன்றிலும் ஒரே எண், ஒரே லேபிள். பூஞ்சை எடுக்கிற சாக்கில் மூன்றையும் அவரே கழுவித் துடைத்துப் புது வெள்ளைக் காகிதத்தில் போட்டிருந்தார். சபூராவுடையதை நடுவில் செருகினாரா, கடைசியிலா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். மூன்றும் ஒன்று போலவே மின்னின.

சபூராவின் தந்தை அந்தத் தட்டு அச்சடித்த ஆலையில் வேலை பார்த்தவர். “அத்தா தன் கையால அடிச்சு வீட்டுக்குக் கொண்டுவந்தது. அவர் நெனப்பா இது ஒண்ணுதான் இருக்கு. பூஞ்சையை மட்டும் எடுத்துக் கொடுங்க,” என்று அவள் சொன்னபோது தலையாட்டியவரும் ஞானதுரைதான்.

“இப்ப வந்துடுவாங்களேம்மா. என்ன பண்றது?”

“ஏதாவது ஒண்ணை வைங்க. எண் பொருந்தும், உறை பொருந்தும். நானே பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.”

கேலியா, நிஜமாகவே சொல்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. உறையில் தான் வைத்திருந்த முதல் பதிப்புத் தட்டை வெளியே எடுத்துவிட்டு, மூன்றில் ஒன்றை எடுத்து உறைக்குள் பாதி நுழைத்தார். வெளியே இழுத்தார். அடுத்ததை எடுத்தார். அதுவும் பாதியோடு நின்றது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

“என்ன சார், நம்ம ஆளு குளிச்சுட்டாரா?” என்றபடி சபூரா உள்ளே வந்தாள்.

ஞானதுரை காலி உறையை அவளிடம் நீட்டினார். நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது இரண்டு தடவை தண்ணீர் குடித்தார்.

அவள் உறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“பள்ளிக்கூடத்துல பசங்க பேப்பரையும் இப்படித்தான் மாத்திக் கொடுப்பீங்களா?”

அவர் மூன்று தட்டுகளையும் கொண்டுவந்து அவள் முன் வைத்தார்.

“போடுங்க, கேப்போம்.”

ஒவ்வொன்றாகப் போட்டார்கள். சபூரா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூன்றாவது முடிந்ததும் முதல் தட்டை மறுபடி போடச் சொன்னாள். ஞானதுரை அவசரத்தில் ஊசியைத் தள்ளி வைத்துவிட, பாட்டு நடுவிலிருந்து தொடங்கியது.

“தெரியல,” என்றாள் கடைசியில். “அத்தா போனப்புறம் வீட்டுல யாரும் இதைப் போடவே இல்ல.”

பாட்டு முடிந்தும் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

தில்லைநாயகி எழுந்து வந்து ஊசியைத் தூக்கினாள். தட்டை எடுத்துக் காகிதத்தில் போட்டாள். மூன்றையும் அடுக்கி, மேலே மஞ்சள் கரை உறையை வைத்து, சபூராவின் கையில் கொடுத்தாள்.

“மூணையுமா? எனக்கு என்னோடது போதுங்க. மத்த ரெண்டும் உங்களோடதாச்சே.”

“எந்த ரெண்டு?” என்றாள் தில்லைநாயகி.